இன்குபேட்டர் பெட்டில முட்டைய ஓட்டை போட்ட கோழிக்குஞ்சு ஏன் உடனே வெளிய வர்றதில்ல

"மச்சான், காலையில ஆறு மணிக்கு ஓட்டை போட்டுச்சு, இப்ப ராத்திரி எட்டாவுது, அப்படியே கெடக்கு, சத்தம் கூட கொறஞ்சுருச்சு, உடைச்சு எடுத்துரவா?"

புதுசா இன்குபேட்டர், அதாவது முட்டை பொரிக்கிற பெட்டி, வாங்குனவன் யாரா இருந்தாலும் 20ஆம் நாளு இல்லன்னா 21ஆம் நாளு எனக்கு இந்த போன் வந்துரும். நீடாமங்கலம் பக்கத்துல எங்க ஊருல மீன் வர்ற தெர்மாகோல் பெட்டில பல்பு மாட்டி மொதல்ல முட்டை வச்சவன் நான்தான், அதனால இப்ப யாரு பெட்டி வச்சாலும் டாக்டர் நான்னு ஆயிப்போச்சு. என் பதிலு எப்பவும் ஒண்ணுதான், உடைக்காத, மூடிய தொறக்காத, போய்ப் படு. ஆனா காரணம் சொல்லாம படுன்னா எவனும் படுக்க மாட்டான், மொதோ ஈட்டுல நானே படுக்கல. அந்த ஒரு ராத்திரில முட்டைக்குள்ள என்ன வேலை நடக்குதுன்னு தெரிஞ்சா கை தானா அடங்கிரும், அதனால அதையே கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

18ஆம் நாளு ஆகுறப்ப முட்டைக்குள்ள காத்தறைய தவிர மிச்ச எடம் பூரா குஞ்சுதான். தலைய வலது றெக்கைக்கு அடியில சொருகிக்கிட்டு, மூக்கு முட்டையோட அகலமான மொட்டைப் பக்கம் பாத்த மாதிரி மடங்கி ஒக்காந்துருக்கும். அந்த மொட்டைப் பக்கத்துலதான் காத்தறை இருக்கும், அவிச்ச முட்டைய உரிக்கிறப்ப ஒரு பக்கம் பள்ளமா இருக்குமே, அதான். அதுவரைக்கும் குஞ்சு நம்மள மாதிரி மூச்சு விடல. ஓட்டுக்கு உள்பக்கம் வலை பின்னுன மாதிரி ரத்தக்குழா ஓடும், ஓட்டுல கண்ணுக்குத் தெரியாம ஆயிரக்கணக்குல பொடி ஓட்டை இருக்கும், அது வழியா காத்து போயி நேரா ரத்தத்துல கலந்துரும், நுரையீரலுக்கு அப்ப வேலையே கெடையாது. 19, 20ஆம் நாளு வாக்குல குஞ்சு பெருசாயி அந்தக் காத்து பத்தாம போயிரும், உள்ள கரியமில வாயு ஏறும், அது ஏறுனதும் பிடரில இருக்குற ஒரு தசை வெடுக்கு வெடுக்குன்னு இழுக்க ஆரம்பிக்கும். அந்தத் தசை பொரிப்பு நேரத்துல வீங்கி தடிச்சு நிக்கும், அப்புறம் தானா வத்திரும். தசை இழுக்குற இழுப்புல மேல் மூக்கு நுனில இருக்குற சின்ன வெள்ளை முள்ளு, முட்டைப்பல்லுன்னு சொல்லுவாங்க, அது போயி உள்சவ்வுல குத்தும். குத்துனதும் மூக்கு காத்தறைக்குள்ள வந்துரும், அதுதான் அதோட மொதோ மூச்சு.

இது நடக்குறது வெளிய இருந்து நமக்குத் தெரியாது. காதை பெட்டி மேல வச்சா லேசா கீச்சுன்னு ஒரு சத்தம், ஓட்டுக்குள்ள இருந்து வர்றது நம்பவே முடியாது, எங்க பாப்பா மொதோ தடவை கேட்டுட்டு பெட்டிக்குப் பின்னாடி எலிக்குஞ்சு இருக்குன்னு தேடுனா. அந்தச் சத்தம் சும்மா இல்லீங்க, பக்கத்து முட்டைல இருக்குறதுக்கும் அது கேக்கும், காடை முட்டைல ஒண்ணோட சத்தம் கேட்டு இன்னொண்ணு வேகம் புடிக்கிறத நல்லாவே ஆராஞ்சு வச்சுருக்காங்க.

காத்தறைல இருக்குற காத்து எத்தன நேரம் தாங்கும், அதுவும் தீந்து போகும். பாதி நாளுலேருந்து ஒரு நாளுக்குள்ள குஞ்சு வெளி ஓட்டுல ஒரு குத்து விடும், நச்சத்திரம் மாதிரி விரிசல் விழுந்து சின்னதா ஒரு பொத்தல் வரும். நம்ம ஆளுங்க வாட்சப்புல போட்டோ போடுறது இந்த நேரம்தான். போட்டோ போட்டுட்டு அடுத்த அஞ்சு நிமிசத்துல குஞ்சு குதிச்சு வரும்னு ஒக்காந்துருப்பாங்க. ஆனா குஞ்சு அந்தப் பொத்தலோட அப்படியே நின்னுரும். 12 மணி நேரம் நிக்கலாம், 24 மணி நேரமும் நிக்கலாம். அப்பப்ப மூக்க அசைக்கும், வாயத் தொறந்து மூடும், தூங்கும், மறுபடி கீச்சுங்கும். நமக்குப் பாக்க அது வெளிய வர முடியாம தவிக்கிற மாதிரி இருக்கும், ஆனா உள்ள அது ரெண்டு பெரிய வேலை பாத்துக்கிட்டு இருக்கு. ஓட்டுல ஒட்டியிருக்குற அந்த ரத்தக்குழா வலைல இன்னும் ரத்தம் ஓடிக்கிட்டு இருக்கு, அத பூரா ஒடம்புக்குள்ள இழுத்துக்கணும். ரெண்டாவது, மிச்சம் இருக்குற மஞ்சக்கருவ தொப்புள் வழியா வயித்துக்குள்ள இழுத்து தொப்புள மூடணும். இந்த ரெண்டும் முடிஞ்சப்புறம்தான் வெளிய வர்ற வேலையே ஆரம்பம்.

இப்ப யோசிங்க, ராத்திரி எட்டு மணிக்கு பாவம்னு நெனச்சு நகத்தால ஓட்ட பிச்சா என்ன ஆகும். நான் பிச்சேன். மூணு வருசத்துக்கு முன்னாடி ஐப்பசில, வெளிய அடைமழை, கருங்கால் கோழி முட்டை ஒண்ணு பொத்தல் போட்டு பத்து மணி நேரம் ஆச்சு. ஒரு அரை ரூவா அளவுக்கு ஓட்ட எடுத்ததும் வெள்ளையா சவ்வு, அதையும் லேசா நீக்குனேன், நூல் மாதிரி ஒரு செவப்புக் கோடு அறுந்து பொலபொலன்னு ரத்தம் வந்துச்சு. குண்டூசி முனை அளவு குழாதான், ஆனா குஞ்சோட ஒடம்புல இருக்குற ரத்தமே எவ்வளவு இருக்கப் போவுது. பஞ்சு வச்சு அழுத்திப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துருந்தேன். காலையில அது வெளிய வந்துச்சு, வயித்துக்கு வெளிய மஞ்சக்கரு பை தொங்கிக்கிட்டு. மத்தியானம் செத்துப்போச்சு. அதே தட்டுல நான் தொடாத மத்த எட்டு முட்டையும் சாயந்தரத்துக்குள்ள தானா பொரிஞ்சு நின்னுச்சு.

உள்வேலை முடிஞ்ச குஞ்சு மறுபடி ஆரம்பிக்கும், இந்தத் தடவை பாக்கவே வேற மாதிரி இருக்கும். குத்தும், கால உந்தி கொஞ்சம் திரும்பும், மறுபடி குத்தும். மொட்டைப் பக்கத்துலேருந்து பாத்தா கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா சுத்திக்கிட்டே ஓட்ட வட்டமா வெட்டிக்கிட்டு வரும், டப்பா மூடிய வெட்டுற மாதிரி. முக்கால் சுத்து வந்ததும் கழுத்தயும் காலையும் வச்சு ஒரே தள்ளு, தொப்பி கழண்டு விழுந்துரும். வெட்ட ஆரம்பிச்சுட்டா அரை மணிலேருந்து ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுரும், அதுக்குதான் அந்த ஒரு நாளு காத்திருந்தது.

சரி, தொட வேண்டாம், தொறந்து பாக்கவாவது கூடாதான்னு கேப்பீங்க. கூடாது, அதுக்கும் காரணம் இருக்கு. பொத்தல் விழுந்த முட்டைக்குள்ள சவ்வு ஈரமா இருக்குற வரைக்கும்தான் குஞ்சால அதுக்குள்ள திரும்ப முடியும். மூடிய தொறந்தா உள்ள இருக்குற ஈரக்காத்து பூரா ஒரு நொடில வெளிய போயிரும், சவ்வு காஞ்சு பிளாஸ்டிக் பேப்பர் மாதிரி குஞ்சு மேல ஒட்டிப் புடிச்சுக்கும், அப்புறம் அதால கழுத்த கூட அசைக்க முடியாது. அப்ப பொத்தல் பழுப்பு நெறத்துல தோலு மாதிரி காஞ்சு தெரியும். பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை தொறந்து எட்டிப் பாத்துட்டு, 'என்னண்ணே குஞ்சு மாட்டிக்கிச்சு'ன்னு சொல்றவங்க முக்காவாசிப் பேரு மாட்டிவிட்டதே அவங்கதான். எங்க அப்பாயி கடைசி மூணு நாளு அடைக்கோழி கூடைப் பக்கம் யாரையும் விடாது, "கலைக்காதடா, கண்ணு பட்டுரும்"னு வெரட்டும். கண்ணு படுதோ இல்லையோ, கோழி எந்திரிக்காம ஒக்காந்துருந்தா அடியில ஈரம் கலையாது, காரணம் அதான். அப்பாயி கூடைல ஒரு இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காஞ்ச மொளகா போட்டு வைக்கும், இடி இடிச்சா முட்டை கூமுட்டையாயிருமாம். ஒத்தப்படைலதான் முட்டை வைக்கும், 9, 11, 13ன்னு. நான் தெர்மாகோல் பெட்டிலயும் ஒத்தப்படைலதான் வைக்கிறேன், ஏன்னு கேக்காதீங்க.

இப்ப நம்ம டெல்டா ஆளுங்க தனியா தெரிஞ்சுக்க வேண்டிய விசயம், ஈரப்பதம். பெட்டியோட வர்ற காகிதத்துலயும் யூடியூப்லயும் ஒரே மாதிரி சொல்லுவாங்க, மொத 18 நாளு 45லேருந்து 55 சதவீதம், கடைசி 3 நாளு 65லேருந்து 70க்கு மேல, அதனால மொத நாளே தண்ணி ஊத்திருங்கன்னு. கணக்கு தப்பில்ல, தண்ணி ஊத்துறதுலதான் கோளாறு. முட்டை 18 நாளுல அதோட எடைல 12, 13 சதவீதத்த ஆவியா வெளிய விடணும். விட்டாதான் காத்தறை பெருசாகும், காத்தறை பெருசா இருந்தாதான் அந்த மொதோ மூச்சுக்கும் திரும்புறதுக்கும் எடம் இருக்கும். ஈரம் அதிகமா வச்சா தண்ணி வெளிய போகாது, குஞ்சு ஊதி பருத்து காத்தறை சின்னதா நின்னு போயிரும், சவ்வக் குத்துனதும் மூக்குல தண்ணி ஏறி உள்ளயே மூழ்கிச் செத்துரும். முழுசா வளந்து, முடியெல்லாம் மொளச்சு, ஓட்டக் கூட தொடாம செத்த குஞ்சு ஈரமா சொதசொதன்னு இருந்தா காரணம் பெரும்பாலும் இதான்.

ஐப்பசி கார்த்திகைல நம்ம ஊரு காத்த நெனச்சுப் பாருங்க, காயப்போட்ட துண்டு மூணு நாளானாலும் காயாது, உப்பு ஜாடில உப்பு தண்ணியா கெடக்கும். வெளிய 27 டிகிரி, 90 சதவீதம் ஈரம்னு வைங்க. அந்தக் காத்த தண்ணி எதுவும் சேக்காம 37.5 டிகிரிக்கு சூடாக்குனாலே உள்ள கிட்டத்தட்ட 50 சதவீதம் நிக்கும், ஏன்னா சூடான காத்து அதிக தண்ணிய தாங்கும், அதே தண்ணிக்கு சதவீதம் பாதியாயிரும். அதாவது மழைக்காலத்துல மொத 18 நாளு நீங்க சொட்டுத் தண்ணி ஊத்தலன்னாலும் புத்தகத்துல போட்டுருக்குற அளவு தானா வந்துருது. அதுக்கு மேல ஒரு கிண்ணம் தண்ணி வச்சா 65, 70ன்னு போய் நிக்கும், 18 நாளும் அப்படியே நின்னா குஞ்சுக்கு மூச்சு விட எடம் இருக்காது. கோயம்புத்தூர் பக்கம் ஒருத்தர் செஞ்சு காட்டுன வீடியோவ பாத்து நம்ம மன்னார்குடில அப்படியே செஞ்சா கணக்கு ஒதைக்கும். ஆனி ஆடில மேலக்காத்து காஞ்சு அடிக்கிறப்ப, சித்திரை மத்தியானத்துல, அப்ப தண்ணி வேணும்தான். தண்ணி வைக்கிறப்ப ஆழமா டம்ளர்ல வைக்காதீங்க, எத்தன சதவீதம் ஏறும்ங்கறது தண்ணி எவ்வளவு அகலமா பரந்துருக்குங்கறத வச்சுதான், ஆழத்த வச்சு இல்ல.

மீட்டர நம்பாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு, எடை போடுறது. வைக்கிறப்ப 20 நாட்டு முட்டை 800 கிராம் இருந்துச்சுன்னா 18ஆம் நாளு அதே 20 முட்டை 700 கிட்ட இருக்கணும். 750 இருந்தா ஈரம் அதிகம்னு அர்த்தம், 650க்கு வந்துருச்சுன்னா ரொம்ப காஞ்சு போச்சு. நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு போதும், வாரம் ஒரு தடவை போட்டுப் பாத்து தண்ணியக் கூட்டலாம் கொறைக்கலாம். ஈரப்பத மீட்டரையே சோதிக்கணும்னா ஒரு மூடில கல்லு உப்ப கூழு மாதிரி தண்ணில நனைச்சு, மீட்டரையும் அதையும் ஒரு டப்பால போட்டு இறுக்கி மூடி ஆறேழு மணி நேரம் விடுங்க, 75 சதவீதம் காட்டணும். என்னோடது 84 காட்டுச்சு, ரெண்டு வருசமா அத நம்பிக்கிட்டு இருந்துருக்கேன்.

சூடு பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, ஃபேன் இருந்தா 37.5, ஃபேன் இல்லாத பெட்டின்னா முட்டை மேல்மட்டத்துல 38.5 பக்கம். வீட்டுல காய்ச்சலுக்கு வைக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் இந்த அளவுல சரியா காட்டும், பல்ப அணைச்சுப் போடுற தெர்மோஸ்டாட்டு, அதான் டபிள்யூ 1209 போர்டு, காட்டுறத அத வச்சு ஒரு தடவை சரிபாத்துக்குங்க, அரை டிகிரி தள்ளி இருந்தாலே பொரிப்பு ஒரு நாளு முந்தும் பிந்தும். சூடு கொஞ்சம் கொறைவா ஓடுனா 22, 23 நாளுக்குத் தள்ளிப்போகும், கூட ஓடுனா 19, 20லயே அவசரமா வரும், தொப்புள் சரியா மூடாம வரும். கொறையறத விட கூடுறதுதான் ஆபத்து, 40ஐ தாண்டி சில மணி நேரம் நின்னா பெரும்பாலும் காலி. இங்கதான் சித்திரை வைகாசில ஒரு கண்ணி இருக்கு, பெட்டில சூடாக்க பல்பு இருக்கு, குளுர வைக்க எதுவும் கெடையாது. தகரக் கொட்டாய்ல மத்தியானம் 41 அடிக்கிறப்ப தெர்மோஸ்டாட்டு பல்ப அணைச்சுட்டு சும்மா பாத்துக்கிட்டுதான் இருக்கும். அக்னி நச்சத்திரத்துல வைக்கவே வைக்காதீங்கம்பேன் நான், வைக்கணும்னா ஓட்டு வீட்டுல உள்ரூம்ல தரையில வைங்க.

கரண்டு போனா உடனே செத்துரும்னு பயப்பட வேண்டாம். கோழி கூட தெனம் எந்திரிச்சுப் போயி மேஞ்சுட்டு தண்ணி குடிச்சுட்டு வரும்ல, அப்ப முட்டை ஆறத்தானே செய்யும். ஒரு மணி, ரெண்டு மணி நேரம் போனா மூடிய தொறக்காம மேல ஒரு போர்வை போட்டு விட்டா போதும். கடைசி வாரத்துல குஞ்சு தானே சூட்ட உண்டாக்கும், அதனால அப்ப குளிர விட மூச்சு முட்டுறதுதான் பயம், காத்து ஓட்டைய அடைச்சுறாதீங்க. ஆனா மாதாந்திர பராமரிப்புன்னு காலையில ஒம்போதுலேருந்து சாயந்தரம் அஞ்சு வரைக்கும் நிறுத்துவாங்களே, அந்தத் தேதி பொரிப்பு நாளுல விழாம பாத்து முட்டைய வைங்க. 2018 நவம்பர் 16 கஜா அடிச்சப்புறம் வாரக்கணக்குல கரண்டு இல்லாம கெடந்த ஊருங்க இது, ஐப்பசி கார்த்திகைல வைக்கிறவங்க இன்வர்ட்டர் இல்லாம எறங்காதீங்க, கொறஞ்சது சுடுதண்ணி பாட்டிலாவது தயாரா இருக்கட்டும்.

நாளு எண்ணுறதுல நெறைய பேரு தப்பு பண்றாங்க. வச்ச நாள ஒண்ணுன்னு எண்ணக் கூடாது, 24 மணி நேரம் முடிஞ்சாதான் ஒரு நாளு. சுலபமா சொன்னா, சனிக்கிழமை சாயந்தரம் வச்சா மூணு வாரம் கழிச்சு அதே சனிக்கிழமை சாயந்தரம்தான் 21. சிறுவிடை மாதிரி நாட்டுக்கோழி போடுற சின்ன முட்டைங்க சில நேரம் முந்திக்கும். வாத்து முட்டைய இதே பெட்டில சேத்து வச்சுட்டு 21ஆம் நாளு ஏன் பொரியலன்னு கேட்ட ஆளும் உண்டு, வாத்துக்கு 28 நாளு, காடைக்கு 17, 18. அப்புறம் கடை வெள்ளை முட்டைய வச்சுப் பாக்கலாமான்னு கேக்குற தம்பிங்களுக்கு, நாமக்கல் பண்ணைல கூண்டுல முட்டை போடுற கோழி சேவலையே பாத்துருக்காது, அதுல கரு எங்கேருந்து வரும். நாட்டு முட்டையே ஆனாலும் ஏழு நாளுக்கு மேல வச்சுருந்தது வேண்டாம், கோடைல மூணு நாலு நாளுதான், கழுவாம, கூரு பக்கம் கீழ இருக்குற மாதிரி.

7ஆம் நாளு இருட்டுல போன் டார்ச்ச மொட்டைப் பக்கம் வச்சு அடிச்சுப் பாத்தா சிலந்தி மாதிரி செவப்பு நரம்பு ஓடுனா உசுரு இருக்கு. வெளிச்சம் அப்படியே ஊடுருவுனா கூமுட்டை. செவப்பா ஒரு மோதிர வளையம் மட்டும் தெரிஞ்சா கரு ஆரம்பிச்சு செத்துருச்சு, எடுத்து வெளிய போட்டுருங்க, விட்டா நாறி வெடிச்சு மத்ததையும் கெடுத்துரும். 18ஆம் நாளு இன்னொரு தடவை பாத்துட்டு, அதுவரைக்கும் தெனம் முட்டைய திருப்பிக்கிட்டு இருந்தத அன்னையோட நிறுத்தி, முட்டைய படுக்கப் போட்டு, அடியில வழுக்காத மாதிரி ஒரு சொரசொரப்பான துணியோ வலையோ விரிச்சு, தண்ணிய நெறைய வச்சு, மூடிட வேண்டியதுதான். லாக்டவுன்னு சொல்றாங்க இதுக்கு, கொரோனாவுக்கு முன்னாடியே கோழிக்காரங்க வச்சுருந்த பேரு. இதுக்கு மேல தண்ணி ஊத்தணும்னா மூடிய தொறக்காம காத்து ஓட்டை வழியா ஒரு சின்ன டியூப்ப விட்டு ஊசில ஊத்துங்க, மருந்துக்கடை ஊசி பத்து ரூவா.

அப்பாயி 19ஆம் நாளு வெதுவெதுப்பான தண்ணில முட்டைய மெதக்க விடும், உள்ள உசுரு இருந்தா முட்டை துடிச்சு ஆடும், ஆடாதத எடுத்துரும். வேடிக்கையா இருக்கும், நானும் சின்ன வயசுல வாய்பொளந்து பாத்துருக்கேன். ஆனா கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இருந்தாலும் தண்ணி உள்ள போயிரும், டார்ச்சு இருக்குற காலத்துல அது தேவையில்ல.

மொதோ குஞ்சு வந்ததும் வீடே கூடிரும். நனைஞ்ச எலி மாதிரி, தலைய தூக்க முடியாம, நாலு தடவை உருண்டு, மத்த முட்டைய எல்லாம் ஒதச்சுக்கிட்டு கெடக்கும், பாக்க அருவருப்பா கூட இருக்கும் சில பேருக்கு. ஓட்டுக்குள்ள கொஞ்சம் ரத்தக்கறை, பச்சையா கொஞ்சம் எச்சம் இருக்கும், அது சகஜம். அது மத்த முட்டைய ஒதைக்கிறதுல தப்பில்ல. தாகத்துல கத்துதுன்னு எடுத்துறாதீங்க. உள்ள இழுத்துக்கிட்ட மஞ்சக்கரு ரெண்டு மூணு நாளுக்கு அதுக்கு சாப்பாடும் தண்ணியும், அதனாலதான் பொரிஞ்ச குஞ்ச பெட்டில போட்டு பஸ்ஸுல நூறு மைல் அனுப்புறாங்க, தாய்க்கோழியும் அதனாலதான் கடைசிக் குஞ்சு வர்ற வரைக்கும் எந்திரிக்காம ஒக்காந்துருக்கும். முடி காஞ்சு பஞ்சு மாதிரி ஆனப்புறம், பொத்தல் போட்டு பாதில நிக்கிற முட்டை எதுவும் இல்லாத நேரமா பாத்து, ஒரே தடவையா தொறந்து காஞ்சதெல்லாம் எடுத்துட்டு சட்டுனு மூடுங்க. ஒரு நாளு உள்ளயே கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது.

எப்பதான்யா கை வைக்கலாம்னு கேட்டா, ரெண்டே எடத்துல. பொத்தல் போட்டு 24 மணி நேரம் தாண்டி, சவ்வு பழுப்பா காஞ்சு, குஞ்சு உசுரோட கத்திக்கிட்டு இருந்தா ஒண்ணு. வெட்ட ஆரம்பிச்சு பாதில மணிக்கணக்குல நின்னு போனா இன்னொண்ணு. அப்பவும் வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச காது பட்ஸால சவ்வ ஈரமாக்கி, மூக்குப் பக்கம் மட்டும் பொட்டு பொட்டா ஓட்ட எடுத்துப் பாருங்க. செவப்பு நரம்பு ஒண்ணு தெரிஞ்சாலும் நிறுத்திட்டு திருப்பி உள்ள வச்சுட்டு அஞ்சாறு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. நரம்பே இல்லாம வெள்ளையா காஞ்சுருந்தா தொப்பிய மட்டும் கழட்டி விடுங்க, கால அதுவே உருவிக்கட்டும். இப்படி எடுத்ததுல பாதிக்கு மேல எனக்குத் தங்கல, அத ஒளிக்காம சொல்லிடுறேன்.

வெளிய எடுத்ததும் தொப்புள பாருங்க, கருப்பா காஞ்ச நூல் தொங்குனா இழுக்காதீங்க, ஈரமா தொறந்துருந்தா ஒரு சொட்டு பெட்டாடின். நியூஸ் பேப்பர் மேல விடாதீங்க, வழுக்கி ரெண்டு காலும் பக்கவாட்டுல பப்பரப்பான்னு விரிஞ்சுரும், சாக்கு விரிங்க. விரிஞ்சு போனா ஒரு சின்ன பேண்டேஜ் டேப்பால ரெண்டு காலையும் இயல்பா நிக்கிற அகலத்துக்கு சேத்து ஒட்டி விட்டா ரெண்டு மூணு நாளுல பெரும்பாலும் சரியாயிரும். மொத வாரம் குஞ்சு நிக்கிற எடத்துல 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி கொறைச்சுக்கிட்டே வரலாம், பல்புக்கு அடியில கும்பலா அடைஞ்சா குளுருது, ஓரத்துல ஒதுங்கி வாயப் பொளந்தா சூடு அதிகம், இத விட நல்ல தெர்மாமீட்டர் கெடையாது. வெல்லம் கலந்த தண்ணில மூக்க ஒரு தடவை தொட்டு விட்டா குடிக்கக் கத்துக்கும், தட்டுல கூழாங்கல்லு போட்டு வைங்க, இல்லன்னா விழுந்து மூழ்கிரும். தீனிக்கு அரிசி நொய் மட்டும் போட்டா வளராது, அதுல புரதம் கம்மி, குஞ்சுக்குன்னே விக்கிற ஸ்டார்ட்டர் தீவனம் வாங்குங்க, இல்லன்னா பழைய பானைல சாணியும் சாக்கும் திணிச்சு கரையான் புத்து பக்கம் கவுத்து வச்சா காலையில கரையான் அப்பியிருக்கும், அத மூணாம் நாளுலேருந்து கொட்டிப் பாருங்க, குஞ்சு அடிச்சுக்கிட்டு தின்னும். 7ஆம் நாளு வெள்ளைக்கழிச்சலுக்கு கண்ணுல ஒரு சொட்டு மருந்து, அத மட்டும் தள்ளிப்போடாதீங்க.

23ஆம் நாளும் தாண்டி பொரியாம கெடக்குற முட்டைய தென்னந்தோப்புல குழி வெட்டிப் போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா ஒடைச்சுப் பாப்பேன், மூக்க துண்டால கட்டிக்கிட்டு. ஒண்ணுமே ஆகாம தெளிவா இருந்தா சேவல் கோளாறு, இல்ல முட்டை பழசு. மொதோ வாரத்துலயே நின்னு போயிருந்தா முட்டைய சேத்து வச்ச எடத்துல சூடு, இல்லன்னா ஆரம்ப நாளுல பெட்டி எகிறியிருக்கும். தலை கூரு பக்கம் இருந்தா முட்டைய தலைகீழா அடுக்கியிருக்கோம். முழுசா வளந்து சொதசொதன்னு இருந்தா தண்ணி ஜாஸ்தி, ஒட்டிக் காஞ்சு கெடந்தா தண்ணி கம்மி, இல்லன்னா எவனோ மூடிய தொறந்துருக்கான். போன கார்த்திகைல 31 வச்சு 22 வந்துச்சு, மிச்சம் 9ல 6 கூமுட்டை, ஒண்ணு ரத்த வளையம், ரெண்டு மட்டும் முழுசா வளந்து காஞ்சு ஒட்டி நின்னுச்சு. யாருடா தொறந்ததுன்னு கேட்டேன். பாப்பா அவங்கம்மாவ பாத்தா, அவங்கம்மா என்னைப் பாத்துச்சு.